தேய்க்கத் தேய்க்க வளரும் பிறை

அத்தியாயம் 4

பூசணிக்காய் மேஜைமேல் விழுந்த வேகத்தில் மைக்கூடு ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது.

“இதான் பீஸு” என்றாள் வந்தவள். “எங்க கூரை மேல காய்ச்சது. வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட. எங்க வூட்டுக்காரரு மேல தப்பு இல்லன்னு நீ கண்டுபுடிச்சிச் சொல்லணும்.”

உத்திரமேரூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சோடாக் கடை மாடியில் இருந்தது துப்பறியும் ஞானசுந்தரியின் அலுவலகம். கீழே கோலி சோடா உடைபடும் ஒவ்வொரு ‘டப்’புக்கும் மேலே வந்தவர்கள் துப்பாக்கி என்று நினைத்துக் குனிவார்கள். அதனால் அலுவலகத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. இந்தப் பெண் குனியவில்லை. அவளுடைய பயம் துப்பாக்கியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஞானசுந்தரி முடிவு செய்தாள்.

“பெருநகர்லேர்ந்து நடந்தே வந்திருக்கே. மொதல்ல உக்காரு.”

வந்தவள் வாயைப் பிளந்தாள். “எப்டிம்மா தெரிஞ்சிது?”

“உன் கால்ல ஒட்டியிருக்கறது செய்யாத்து மணல். பஸ்ஸுல வந்திருந்தா கண்டக்டர் இந்தப் பூசணிக்கும் டிக்கெட் போட்டிருப்பாரு. அத வெட்டித்தான் அவருக்குக் குடுத்திருப்பே. காய் முழுசா இருக்கு.”

மூலையில் பெஞ்சில் படுத்திருந்த முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தான். அவன் ஞானசுந்தரியின் உதவியாளன். ஜட்கா வண்டிக்காரனும் அவனே. அதனால் குற்றவாளியைத் துரத்தும்போது வண்டிக் கூலி மிச்சம்.

“நல்ல பீஸுக்கா” என்றான் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து. “போன கேஸுக்கு ஒரு கோயி குடுத்தாங்க. அது ஓடிப்போயி, அத்தக் கண்டுபுடிக்கவே நாம தனியா துப்பறிஞ்சோம். இது ஓடாது.”

வந்தவள் பெயர் சிட்டம்மாள். அவள் கணவன் கன்னியப்பன், பெருநகர் முத்துகிருஷ்ணன் வீட்டில் காவல்காரன். முத்துகிருஷ்ணனுக்கு ஏரிக்கரையை ஒட்டி நிறைய நிலம். மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தின் பெருநகர்க் கிளைக்கு அவர்தான் செயலாளர்.

“ஐயா பொங்கல் கயிஞ்சதும் சிமிட்டிக்குப் பர்மிட்டு வாங்கி, கேட்லேர்ந்து வூட்டு வாசப்படி வரைக்கும் சிமிட்டி ரோடு போட்டாரும்மா. காரு வர்றதுக்கு.”

“காரு வாங்கிட்டாரா?”

“இல்ல. ரோடு மொதல்ல. காரு அப்பால.”

“பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே தொட்டில் கட்டற ஆளு” என்றான் முனிரத்தினம்.

“அந்த ரோட்டு நடுவுல துருக் கறை வந்துடிச்சி. எவ்ளோ தேச்சாலும் போவல. ‘கன்னியப்பா, நீதான் கதிரறுவாள ஈரத்துல போட்டு வெச்சே’ன்னு ஐயா எங்கூருல பஸ்ஸு நிக்கற எடத்துல, அத்தினி சனத்துக்கு முன்னால கத்திட்டாரு. நாயித்துக்கெயம சங்கத்துத் தலைவரு செங்கல்பட்டுலேர்ந்து கார்ல வர்றாராம். அதுக்குள்ள கறை போவலன்னா நாங்க குடிசையக் காலி பண்ணணுமாம்.” சிட்டம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள். “குடிசை போனா கூட பரவால்லம்மா, ஆத்தோரம் குந்திக்குவோம். பொய்யிப் பட்டம் கட்டி அனுப்பறாரே, அதான் ஆவல.”

ஞானசுந்தரி பேனாவை மூடினாள். “வழக்கை எடுத்துக்கிட்டேன். முனிரத்தினம், பூசணிக்காய வண்டியில ஏத்து.”

“பீஸு எதுக்குக்கா கூட வருது?”

“இங்க வெச்சிட்டுப் போனா சோடாக் கடைக்காரர் சாம்பார் வெச்சிடுவாரு. ஏத்து.”

*

ஜட்காக் குதிரையின் பெயர் கவுனர். வெள்ளைக்காரக் கவர்னர் ஒருவரைப் போல அது யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடக்கும் என்பதால் அந்தப் பெயர். இடது முன்னங்கால் குளம்பில் மட்டும் பிறவியிலேயே ஒரு வெடிப்பு உண்டு. அந்தக் கால் லாடத்தின் ஒரு முனையை அராவிக் குட்டையாக்கித்தான் அடிக்க வேண்டும். கவுனரிடம் இருந்த ஒரே குறை அதுதான். அதையும் அது பெருமையாகவே வைத்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் பெருநகர் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டில் ஒரு பலகை தொங்கியது: ‘பேய் இல்லை. பிசாசு இல்லை. கண்ணேறு இல்லை. சிமெண்ட்டில் நடக்காதீர்கள்.’

ஞானசுந்தரி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை கார் அகலத்துக்குச் சிமெண்ட் பாதை. அதன் இரண்டு ஓரத்திலும் களிமண் வரப்பு. வரப்புக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீரில் வாத்துகள். ஒரு மூங்கில் கழியோடு கன்னியப்பன் வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தான். அவன் கேட்டுப் பக்கம் துரத்தினால் அவை வாசல் பக்கம் போயின. வாசல் பக்கம் துரத்தினால் கேட்டுப் பக்கம் வந்தன.

“ரோடுன்னாங்க” என்றான் முனிரத்தினம். “ஏரியில்ல கீது.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முத்துகிருஷ்ணன் வந்தார். “யாரும்மா நீங்க?”

“துருக் கறை எடுக்கறவங்க. கேள்விப்பட்டு வந்தோம்” என்றாள் ஞானசுந்தரி. துப்பறிபவர்கள் மாறுவேடத்தில் போவது வழக்கம். அன்று அவள் வேடம் ஒரு கூடைப் புளியும் நான்கு தேங்காய் நாரும்.

முத்துகிருஷ்ணனின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. “வாங்க, வாங்க! நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள போயிடணும்.”

“சிமெண்ட்டுல எதுக்கு இவ்வளவு தண்ணி?”

“மேஸ்திரி சொன்னாரு, தண்ணி காட்டணும்னு.”

“எத்தனை நாளைக்கு?”

“அத்த நான் கேக்கல. நான் பரம்பரையா நெல்லு வெக்கறவன். எதுக்கும் தண்ணி நிக்கணும். நின்னாத்தான் பிடிக்கும். பொங்கலுக்கு அப்பாலேர்ந்து ஒரு நாள் காய விட்டதில்ல.”

“அறுப்பு எப்போங்க?” என்று கேட்டான் முனிரத்தினம்.

முத்துகிருஷ்ணன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்னியப்பனிடம் வரப்பை வெட்டச் சொன்னார். தண்ணீர் இரு பக்கமும் இருந்த மண்ணில் இறங்கியது. அந்த மண் இரண்டு மாதமாகக் குடித்துக்கொண்டிருந்த மண். கொழகொழவென்று இன்னொரு வாய் குடித்தது.

பாதையின் நடுவில் கறை தெரிந்தது. செங்காவி நிறம். ஆரம்பத்தில் கருணைக்கிழங்கு போல உருவமில்லாமல்தான் இருந்தது என்றார் முத்துகிருஷ்ணன். கன்னியப்பனை விட்டுச் செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்க்கச் சொன்னாராம். தேய்க்கத் தேய்க்க அது சிறுக்கவில்லை, பிறைச்சந்திரன்போல ஆகிவிட்டது.

“பாத்தீங்களா? கதிரறுவா மாதிரியே கீது. இவன் வேலைதான்.”

கன்னியப்பன் கழியை ஊன்றி நின்றான். “ஐயா, என் கதிரறுவா நம்ம வூட்டு எரவாணத்துலதான் சொருகியிருக்குது. மாசி அறுப்புக்கு அப்பால அத்த நான் தொடவேயில்ல.”

“வாய மூடு. வாத்து வருது பாரு.”

வந்தது. கன்னியப்பன் ஓடினான்.

முதலில் புளி. ஞானசுந்தரி புளியைக் கரைத்துக் கறைமேல் ஊற்றி ஊறவிட்டாள். முனிரத்தினம் முழங்காலிட்டு நாரால் தேய்த்தான். வீட்டுக்கார அம்மாள் ஆதிலட்சுமி சமையலறை ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்தாள்.

“ரசத்துக்கு வெச்ச புளி மாதிரி கீதே” என்றாள்.

“பருப்புத் தண்ணியும் பெருங்காயமும் போட்டீங்கன்னா நக்கியே எடுத்துடுவேன்மா” என்றான் முனிரத்தினம்.

அடுத்தது எலுமிச்சை. பிறகு புளித்த மோர். கறை மங்கியது. மங்கியதும் அதன் ஓரங்கள் இன்னும் கூர்மையாயின. இப்போது அது சாதாரணப் பிறை இல்லை. இரண்டு முனையும் மொண்ணை. ஒரு முனை மற்றதைவிடக் குட்டை. வளைவின் மேல் வரிசையாக வெளிறிய புள்ளிகள்.

ஞானசுந்தரி குனிந்து பார்த்தாள். பிறகு உதவியாளனைப் பார்த்தாள். அவன் தேய்ப்பதை நிறுத்தியிருந்தான்.

“முனிரத்தினம்.”

“இன்னாக்கா.”

“ஒரு வாத்து உன் முதுகுல ஏறி இறங்கிச்சு. நீ ஒண்ணும் சொல்லல.”

“சொல்றதுக்கு இன்னா கீது.”

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. முனிரத்தினம் வாய் மூடினால் அது தடயம். அதைப் பத்திரமாக எடுத்து மனசில் வைத்துக்கொண்டாள்.

“ஐயா, மேலால தேய்ச்சுப் பயனில்ல” என்றாள் முத்துகிருஷ்ணனிடம். “உளியால கொஞ்சம் கொத்திப் பாத்தா...”

“கொத்தாதே!”

அவர் கத்திய கத்தலில் வாத்துகள் எல்லாம் கரையேறின. பாதை போட்டதிலிருந்து கன்னியப்பனால் செய்ய முடியாத காரியம் அது.

முத்துகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சிமிட்டி வீணாயிடும் பாரு. அதான்.”

“சரிங்க, கொத்தல. ஒரு பித்தளைத் தவலை குடுங்க.”

ஆதிலட்சுமி தவலை கொடுத்தாள். ஞானசுந்தரி கறையைப் புளியால் ஒரு முறை நன்றாகத் துடைத்தெடுத்தாள். தொட்டால் கையில் ஒட்டத் துரு இல்லை; மங்கலாக ஒரு நிழல் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் ஈரத் துணி போட்டுத் தவலையைக் கவிழ்த்தாள். விளிம்பைச் சுற்றிக் களிமண்ணால் பூசினாள். ஈரக் களிமண்ணில் தன் கண்ணாடி வளையலைப் பல இடத்தில் அழுத்தி எடுத்தாள்.

“இது எதுக்கு?” என்றார் முத்துகிருஷ்ணன் சந்தேகத்தோடு.

“வெந்துட்டு இருக்குங்க. காலையில எறக்கிடலாம்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டாவுக்குப் பிறகு தவலையைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். களிமண்ணில் வளையல் அச்சு ஒன்றுகூடக் கலையவில்லை. ஞானசுந்தரி மண்ணை உடைத்துத் தவலையைத் தூக்கினாள்.

வெள்ளைத் துணியின் அடிப்பக்கத்தில் அழகாக, செங்காவி நிறத்தில், பிறை பதிந்திருந்தது.

“மூடி வெச்சதுக்குள்ளாறயே வந்திருக்குதே!” என்றாள் சிட்டம்மாள்.

“ஆமாம். மேலேர்ந்து யாரும் வைக்கல. கதிரறுவாளும் வைக்கல. கதிரறுவாளுக்கு ஒரு முனை கூரா இருக்கணும். இதுக்கு ரெண்டும் மொண்ணை.” ஞானசுந்தரி துணியை மடித்தாள். “கறை கீழேர்ந்து ஏறுது. சிமெண்ட்டுக்குள்ள இரும்பு இருக்கு. தண்ணி நிக்க நிக்க அது துருப்பிடிக்குது. தேய்க்கத் தேய்க்க மேல இருக்கற சிமெண்ட் கரைஞ்சு அது கிட்ட வருது.”

முத்துகிருஷ்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அப்ப கன்னியப்பன் உள்ள போட்டுப் பூசியிருப்பான். எப்டியோ அவன்தானே?” என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு நாற்காலி எண்ண வேண்டும் என்று உள்ளே விரைந்தார்.

ஞானசுந்தரி முனிரத்தினத்தை மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“சொல்லு.”

“அது லாடம்க்கா.”

“அது எனக்கும் தெரியுது. புள்ளி எல்லாம் ஆணி ஓட்டை. மேல சொல்லு.”

“ஒரு முனை குட்டை. அப்டி லாடம் உலகத்துலயே ஒரு குதிரைக்குத்தான்.” அவன் தலையைச் சொறிந்தான். “நம்ம கவுனரோடதுக்கா. பொங்கலுக்கு அப்பால இந்தப் பெருநகர் ரோட்டுலதான் கயண்டு வியுந்திச்சி. தேடனேன், கெடைக்கல. கன்னியப்பன் மேல தப்பு இல்லன்னு நிரூபிக்க வந்து, என்னையே புடிச்சிக்கினு போற மாதிரி ஆயிடுச்சேன்னு பேஜாராயிடுச்சி.”

“அன்னைக்கு வண்டியில யாரு சவாரி?”

முனிரத்தினம் யோசித்தான். அவன் கண்கள் மெல்ல மெல்லப் பெரிதாகி, நாற்காலி எண்ணும் சத்தம் வந்த பக்கம் திரும்பின.

“யாருன்னு இப்ப சொல்லாதே” என்றாள் ஞானசுந்தரி. “சொன்னா நம்ப மாட்டாங்க. அவரே காட்டணும்.”

கன்னியப்பன் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரில் குந்தினாள்.

“அண்ணே, ஐயா தினம் இந்த சிமெண்ட்டுல நடப்பாரா?”

“அவரு மட்டுந்தாம்மா நடப்பாரு. காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. வாயால ‘பாம் பாம்’னு சொல்லிக்கினே போவாரு. நான் ஒதுங்கிக்கணும்.”

“நேரா போவாரா?”

“நேராத்தான். ஆனா நடுவுல அந்தக் கறையாண்ட வந்தா மட்டும் ஒரு வளைசல் வளைஞ்சி போவாரு. காரு குயியில வியாம ஒடிக்கற மாதிரி.”

“கறை வந்ததிலேர்ந்தா?”

கன்னியப்பன் கூழை விழுங்கிவிட்டுச் சொன்னான். “இல்லியே. கறை வந்தது பங்குனி பொறந்து. அவரு ரோடு போட்ட மறுநாளேர்ந்தே அப்டித்தான் போறாரு.”

சொல்லிவிட்டு மறுபடி கூழைக் குடித்தான். ஞானசுந்தரி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

*

“எல்லாரும் வாங்க” என்று கூப்பிட்டாள். “கறை எடுக்கறதுல கடைசி வேலை ஒண்ணு இருக்கு. சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் வெறுங்காலால அத ஒரு மிதி மிதிக்கணும்.”

“இது எந்த ஊரு வைத்தியம்?” என்றார் முத்துகிருஷ்ணன்.

“எங்க ஊருதுங்க. கன்னியப்பன் அண்ணே, நீங்க மொதல்ல.”

கன்னியப்பன் மிதித்தான். அவன் கால் தூசி கறைமேல் ஒட்டியது. சிட்டம்மாள் மிதித்தாள், கொஞ்சம் ஆத்திரத்தோடு. ஆதிலட்சுமி புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து மிதித்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போனாள். முனிரத்தினம் இரண்டு காலாலும் ஏறி நின்று ஒரு சுற்று சுற்றினான். ஒரு வாத்து தானாக வந்து மிதித்தது.

“இப்ப ஐயா.”

முத்துகிருஷ்ணன் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கினார். கால் பிறைக்கு மேலே போய் நின்றது. இறங்கவில்லை. அவர் கொக்குபோல நின்றார். நெற்றியில் வேர்வை பூத்தது. காலைத் திருப்பிப் பக்கத்தில் ஊன்றிவிட்டார்.

“முட்டி வலி” என்றார்.

“ஐயா” என்றாள் ஞானசுந்தரி மெதுவாக. “கண்ணேறுக்காக வாசப்படியில லாடம் அடிச்சவங்க அத மிதிக்க மாட்டாங்க, ஒதுங்கித்தான் போவாங்க. அடிக்காதவங்களுக்கு அது வெறும் இரும்பு. இங்க எல்லாருக்கும் இது வெறும் கறை. உங்களுக்கு மட்டும் இது கறை வர்றதுக்கு முன்னாடியே வேற என்னமோ.”

“பொங்கலுக்கு அப்பால என் வண்டியில வந்து எறங்கனீங்களே” என்றான் முனிரத்தினம். “எறங்கனதும் குனிஞ்சி எத்தையோ எடுத்துத் துண்டுல சுத்தனீங்க. ‘கைக்குட்டை வியுந்துடுச்சி’ன்னீங்க. கைக்குட்டையிலேர்ந்து ‘டங்’குன்னு சத்தம் வந்துச்சி.”

முத்துகிருஷ்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன் சிமெண்ட் பாதையின் ஓரத்தில், ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சிமிட்டி போட்ட அன்னிக்கிச் சாயங்காலம், சாலவாக்கத்துலேர்ந்துகூட ஆளுங்க வந்து பாத்தாங்கம்மா. பாத்துட்டு ஒவ்வொருத்தனும் ‘ஆகா’ன்னான். எங்க தாத்தா வெச்ச மாமரம் அப்டி ஒரு ஆகாவுலதான் பட்டுப்போச்சின்னு எங்கம்மா சொல்லுவாங்க. நான்தான் மேடைமேல நின்னு கண்ணேறு இல்லன்னு பேசறவன். பூசணி கட்ட முடியுமா, பொம்மை வெக்க முடியுமா? லாடம் ரோட்டுல தானா கெடைச்சிது. தானா கெடைச்சா ரொம்ப நல்லதாம்.” குரலைத் தாழ்த்தினார். “ஈரத்துலயே அமுக்கி மேல பூசிட்டேன். சங்கத்துக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்.”

“கன்னியப்பனுக்குப் போன மானம்?”

“குடிசையில இருந்துக்கட்டும். யாரு வேணான்னா?”

“அது போதாதுங்க. பஸ்ஸு நிக்கற எடத்துல எல்லார் காதுலயும் படறாப்பல பழி சொன்னீங்க. அதே காதுங்க எல்லாம் இன்னைக்குக் கூட்டத்துக்கு வருது. அங்க சொல்லணும். எப்படிச் சொல்றதுங்கறது உங்க சாமர்த்தியம். சொல்லலன்னா, எங்க வண்டிக்காரர் தன் லாடத்தத் திருப்பிக் கேப்பாரு. தோண்டி எடுத்துக் குடுக்க வேண்டியிருக்கும்.”

“குளம்பு கூசுதுன்னு கவுனர் ரொம்ப அயுவுதுங்க” என்றான் முனிரத்தினம்.

*

சாயங்காலம் வாசல் நிறைந்துவிட்டது. முத்துகிருஷ்ணன் மேஜைமேல் ஏறி நின்றார். பிறைக்கறை எல்லாருக்கும் தெரிந்தது. கன்னியப்பன் கூட்டத்தின் ஓரத்தில், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சிட்டம்மாள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

“தோழர்களே!” என்றார் முத்துகிருஷ்ணன். “இந்தக் கறை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஒரு நிரபராதியின் மேல் பழி சொல்லிவிட்டேன். கன்னியப்பனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!”

கூட்டம் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தலைப்பாகையை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டான். அவசரமில்லாமல், ஒவ்வொரு சுற்றாக.

“இதற்குள் ஒரு லாடம் இருக்கிறது! புதைத்தது நான்தான்!”

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஞானசுந்தரியும் கொஞ்சம் பிளந்தாள். இவ்வளவு உண்மையை அவள் எதிர்பார்க்கவில்லை.

“ஏன் புதைத்தேன்? இந்த லாடம்தான் மூடநம்பிக்கை! நம் தலைவரின் கார் இதன்மேல் ஏறி, இதை நசுக்கிக்கொண்டு வரவேண்டும் என்றே புதைத்தேன்!”

கைதட்டல் ஏரிக்கரையில் இருந்த கொக்குகளைக் கிளப்பியது.

“யக்கா” என்றான் முனிரத்தினம். “இந்த ஆளு வக்கீலாயிருந்தா திருடனே வந்து மாலை போடுவான்.”

அந்த நேரம் பார்த்துக் கேட்டில் ஹாரன் ஒலித்தது. கறுப்பு நிறக் கார். பின் சீட்டில் மாலையோடு தலைவர். கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, “லாடத்த நசுக்கு! லாடத்த நசுக்கு!” என்று கத்தியது.

கார் சிமெண்ட்டில் ஏறி வந்தது. பிறைக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னாங்க கீது அதுல?”

“லாடம்! புதைச்சு வெச்ச லாடம்! ஏத்துங்க!”

டிரைவர் பின்னால் திரும்பித் தலைவரிடம் ஏதோ சொன்னார். தலைவர் முன்னால் குனிந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் டிரைவர் ஸ்டியரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்தார். கார் வெகு மரியாதையாகப் பிறையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் சிமெண்ட்டைவிட்டு இறங்கின. அங்கே இரண்டு மாதமாகத் தண்ணீர் குடித்த மண் காத்திருந்தது.

‘சொளக்.’

கார் சாய்ந்து உட்கார்ந்தது. தலைவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

பத்துப் பேர் தள்ளினார்கள். பத்துப் பேரும் முழங்கால்வரை இறங்கியதுதான் மிச்சம். கடைசியில் முனிரத்தினம் ஜட்காவை அவிழ்த்துவிட்டுக் கவுனரை மட்டும் நடத்திக்கொண்டு வந்தான். கன்னியப்பன் கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக் கயிற்றைக் கொண்டுவந்து காரில் கட்டினான்.

கவுனர் யாரையும் பார்க்காமல் சிமெண்ட் பாதையில் நடந்து வந்தது. செயலாளர் வளைந்துபோன இடம், தலைவரின் கார் சுற்றிப்போன இடம். அங்கே தன் இடது முன்னங்காலை நேராக வைத்து ஊன்றியது. குட்டை முனைக்குக் குட்டை முனை, சரியாகப் பொருந்தியது. அப்படியே நின்று வாலைத் தூக்கி, அவசரமில்லாமல் சாணம் போட்டது. பிறகு ஒரே இழுப்பில் காரை மேலே கொண்டுவந்தது.

“யக்கா, இந்தச் சங்கத்துல ஒரே ஒரு மெம்பர்தான் ஒயுங்கா கீறாரு” என்றான் முனிரத்தினம், அதன் கழுத்தைத் தட்டி.

*

கூட்டம் முடிந்து, ஞானசுந்தரி ஜட்காவில் ஏறப் போனாள். ஏறாமல் நின்றாள்.

“முனிரத்தினம். பீஸ் எங்கே?”

சீட்டின் மேல் வைக்கோல் மட்டும் இருந்தது. வைக்கோலில் வட்டமாக ஒரு பள்ளம்.

“ஓடாதுன்னு சொன்னேனேக்கா!” என்றான் அவன் பதறி.

ஞானசுந்தரி சுற்றிலும் பார்த்தாள். ஈர மண்ணில் காலடிகள் வண்டியிலிருந்து வீட்டுக்குப் போயின. கேட்டுக்குள் நுழைந்து, சிமெண்ட் பாதையில் நேராகப் போய், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு வளைசல் வளைந்து, மறுபடி நேராகப் போயின. மேற்கொண்டு துப்பறிய ஒன்றுமில்லை.

வீட்டு முகப்பு விட்டத்தில், உறியில் தொங்கியது பூசணிக்காய். அதைச் சுற்றிக் கறுப்புக் கயிறு. அடியில் கன்னியப்பன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கூட்டத்துக்கு எண்ணி வைத்த நாற்காலிகளில் ஒன்று. மூங்கில் கழி மடிமேல் இருந்தது. வாத்துகள் பாதையில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இன்னாண்ணே இது?” என்றான் முனிரத்தினம்.

கன்னியப்பன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “விதைக்குக் காய வெச்சிருக்குதாம். யாரு கேட்டாலும் அப்டித்தான் சொல்லணுமாம். இனிமே இதான் என் டூட்டி. வாத்து வேலை இல்ல.”

“கறுப்புக் கயிறு எதுக்கு?”

“அது எனக்குத் தெரியும். ஐயாவுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்.”

வாசற்படியில் குந்தியிருந்த சிட்டம்மாள் வெற்றிலையை மடித்தபடி சிரித்தாள். “இந்த ரகசியம் இவரு கையில கீற வரைக்கும் எங்க குடிசைய எவனும் தொட முடியாதும்மா. பீஸு போச்சேன்னு நெனைக்காத. கூரை மேல இன்னும் ரெண்டு பிஞ்சி கீது.”